ஊறட்டும் என்று விட்ட எண்ணெய்

வியர்வையைத் துடைக்காமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெஞ்சில் முதுகு பட்ட இடம் ஈரமாகக் கிடக்கும். பார்பெல்லின் நடுவில் கைத்தோலும் பிடி வழுக்காதிருக்கப் பூசும் சாக் பவுடரும் சேர்ந்து வெள்ளை அழுக்காக ஒட்டியிருக்கும். ஆள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருப்பான். கூப்பிட்டுச் சொன்னால், "அடுத்த தடவ துடைச்சிடறேண்ணே" என்பான். அடுத்த தடவை அவனுக்கு வேறு அவசரம் இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே எழுதப்போவது ஒரு சோம்பேறியின் தவறைப் பற்றி அல்ல. பார்பெல்களைப் பராமரிப்பதில் எங்கள் கூட்டத்திலேயே ஒழுங்கானவன் செய்த தவறைப் பற்றி. அந்த ஒழுங்கானவன் நான்தான்.

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. கீழே ஒரு சீனர் திருகாணி, பூட்டு, சங்கிலி விற்கிறார். மேலே நாங்கள் பதினான்கு பேர். கண்ணாடி கிடையாது, ஏர்கான் கிடையாது. ஒரு ரேக், ஒரு பெஞ்ச், மூன்று பார்பெல். எல்லாம் எல்லாருக்கும் பொது. கதவில் எண் பூட்டு. எண் தெரிந்தவன் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பொதுச் சாமான் என்றால் யாருடைய சாமானும் இல்லை என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இந்த ஊர்க் காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது. பாரில் கைபிடிக்கும் இடத்தில் சொரசொரப்பாகக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே வியர்வை உட்கார்ந்துகொண்டால் துரு பிடிக்கும். நைலான் பிரஷால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் சில சொட்டுத் தடவி, பிறகு அந்த எண்ணெயே இல்லை என்கிற அளவுக்கு மறுபடி துடைக்க வேண்டும். அந்தக் கடைசித் துடைப்புதான் முக்கியம். எண்ணெய் நின்றால் பார் கையில் நிற்காது. முதல் நாள் வருகிறவனிடம் நான் சொல்லும் முதல் விஷயம் இது. பல வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இதைச் செய்துவந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் நன்றியும் சொல்லவில்லை.

என்னோடு பயிற்சி செய்த கூட்டாளி ஒருவன் இருந்தான். எனக்கு ஒரு வயது இளையவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவன், தாத்தா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. பதினோரு வருஷம் செவ்வாய், வியாழன், சனி அவனும் நானும் ஒன்றாக எடை தூக்கினோம். அவன் பெஞ்சில் படுத்தால் நான் தலைமாட்டில் நிற்பேன். நான் படுத்தால் அவன் நிற்பான். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கட்டைவிரலைப் பாரைச் சுற்றி மடக்க மாட்டான். உள்ளங்கையில் பாரைச் சும்மா வைத்துத் தள்ளுவான். தோளுக்கு இதமாக இருக்கிறதாம்.

"கட்டவெரல மடக்குடா. வழுக்கினா நெஞ்சுலதான் விழும்."

"நீ பின்னாடி நிக்கிற இல்ல, பிடிச்சுக்க லா. சும்மாவா நிக்கிற?"

அவன் எடை தூக்கியது அழகுக்கு அல்ல. நான்கு வருஷத்துக்கு முன் அவன் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு பாதி போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. காலையில் வேலைக்குப் போகும் முன்பும் மாலையில் வந்த பிறகும் அவன்தான் தூக்கினான். வீட்டு உதவிக்குத் திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எலும்பும் தோலுமாக இருப்பாள், தனியாகத் தூக்க முடியாது. தூக்கும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தார்கள். சிராங்கூனில் அவர்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. அதன் துணித் தொட்டிலில் தொங்கியபடி மனைவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கூடத்தில் அவன் ஒரு மூட்டை வைத்திருந்தான். உள்ளே அறுபது கிலோ மணல். அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அரை வட்டம் திரும்பி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பான். போட மாட்டான், உட்கார வைப்பான். இருபது முறை. "என்னால தூக்க முடியிற வரைக்கும் அவ வீட்டுலதான் இருப்பா. அதுக்கப்புறம் ஹோம்தான்" என்பான். முதியோர் இல்லத்தைச் சொன்னான். அவளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு பாரால்தான். ஒரு வியாழக்கிழமை எனக்கு வேலை இழுத்துவிட்டது. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எவனாவது மாட்டிக்கொண்டால் போட்டது போட்டபடி போக வேண்டும். பிறகு கூடத்துக்கு வந்து பார்த்தால் யாரும் இல்லை. மூன்றில் நல்ல பார் பெஞ்சில் எடையோடு கிடந்தது. நடுவெல்லாம் வியர்வையும் பவுடரும் சேறாக. வழக்கமாக அந்த நேரத்தில் அவன் மட்டும்தான் இருப்பான். யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இத விட்டுட்டுப் போனது எந்த மாடு?"

ஒரு மணி நேரம் கழித்து அவன் எழுதினான். "பாத்ரூம்ல விழுந்துட்டா. போன் வந்திச்சு, ஓடினேன்."

நான்கைந்து பேர் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். நான் கேட்கவில்லை. "துணிய எடுத்து ஒரு தடவ இழுக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்று எழுதினேன்.

அவன் எழுதினான்: "பொண்டாட்டின்னு ஒருத்தி வீட்டுல இருந்தா உனக்குத் தெரியும்."

என் மனைவி என்னை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் போன வாரம் அவன்தான் தினமும் புக்கிட் மேராவுக்கு வந்து என் வீட்டில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் தெரிந்தவன் பதின்மூன்று பேர் படிக்கும் இடத்தில் அதை எழுதினான். நான் அவனைக் குழுவிலிருந்து நீக்கினேன். விரலால் இரண்டு தட்டு, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவன் மாலையில் வருவதை நிறுத்தினான். காலையில் வேலைக்குப் போகும் முன் தனியாக வந்து போனான். பாரைத் துடைத்துவிட்டுத்தான் போனான். அவ்வளவு சுத்தமாக முன்பு துடைத்ததில்லை. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மூன்று வாரத்தில் ஆயுத பூஜை. எங்கள் கூடத்தில் வருஷா வருஷம் செய்வோம். தச்சனுக்கு உளி, டிரைவருக்கு வண்டி, எங்களுக்கு பார். சிராங்கூன் சாலையில் மாலை, வாழைக்கன்று, எலுமிச்சை வாங்கிவந்து, ரேக்கின் மேல் படத்தை வைத்து, எடைப் பிளேட்டுகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். பூஜை முடிந்தால் மறுநாள் மாலை வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமிக்கு நான் வந்து எல்லாவற்றையும் துடைத்த பிறகு ஆளுக்கு ஒரு தூக்கு தூக்கித் தொடங்குவோம். அவன் கிறிஸ்தவனாக இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் வந்து சுண்டல் தின்றுவிட்டுப் போவான். இந்த வருஷம் வரவில்லை.

இந்த வருஷம் மழையும் அதிகம். நல்ல பாரில் கைபிடிக்கும் இடத்தில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தது. ஒரு நாள் முழுக்க யாரும் தொடப்போவதில்லை, எண்ணெயில் நன்றாக ஊறட்டும் என்று நினைத்தேன். வேலையிடத்திலிருந்து லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடும் கெட்டி எண்ணெயைக் கொண்டுவந்து, பிரஷால் அந்தக் கோடுகளுக்குள் ஏற்றினேன். வழிந்ததை மட்டும் துணியால் எடுத்தேன். அதன் மேலேயே சந்தனத்தை வைத்தேன். ரேக் முழுக்க மாலையும் வாழையும் இருந்ததால் அந்தப் பாரைப் பெஞ்சின் தாங்கிகளில் வைத்தோம். ரேக்கில் பார் விழுந்தால் தடுக்கக் குறுக்குக் கம்பிகள் உண்டு. பெஞ்சில் கிடையாது.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடாதீங்க. எண்ணெ ஊறுது" என்று எல்லாரிடமும் சொன்னேன். குழுவிலும் எழுதினேன்.

சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவன் கேட்டான், "அண்ணே, காலையில வர்ற ஆளுக்கு?"

"அவருக்கு என்ன, வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது நினைப்பு வந்தது. போனை எடுத்து அவன் பெயரைத் திறந்து "பாரத் தொடாத. எண்ணெ" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் முதலில் பேசியவன் நான் என்று ஆகிவிடும். மூன்று வாரம் பிடித்த பிடி போய்விடும். அழித்தேன். சந்தனத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ள மாட்டானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்து வந்தது, ஏறினேன்.

வேலையில் ஒரு லிஃப்டைத் திறப்பதற்கு முன் நான் செய்யும் முதல் காரியம் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று அட்டை தொங்கவிடுவதுதான். முப்பது வருஷத்தில் ஒரு நாள் மறந்ததில்லை. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் போதும். ஒட்டாததற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழ்க்கடைச் சீனர் எனக்குப் போன் செய்தார். மேலே ஏதோ இடிந்து விழுந்த மாதிரி சத்தம் கேட்டதாம். போய்ப் பார்த்தால் என் கூட்டாளி பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தானாம். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போய்விட்டதாம்.

நடந்தது பிறகு தெரிந்தது. அறுபது கிலோவில் ஒன்றும் தெரியவில்லை. எண்பதில் லேசாக வழுக்கியது. கையில் இன்னும் சாக் பவுடர் போட்டுக்கொண்டான். நூறு கிலோவை இறக்கும்போது பார் உள்ளங்கையிலிருந்து உருண்டு நெஞ்சில் விழுந்தது. தனியாகச் செய்ததால், பிளேட்டுகள் நகராமல் பிடிக்கும் கிளிப்பை முனைகளில் மாட்டவில்லை. அந்தப் புத்தி அவனுக்கு இருந்தது. பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைச் சரியவிட்டான். இல்லையென்றால் அங்கேயே செத்திருப்பான். நெஞ்செலும்பு உடைந்தது. விலா மூன்று. பாரைத் தள்ளிய வேகத்தில் இடது தோளில் தசைநார் கிழிந்தது.

நான் கூடத்துக்குப் போனது அன்று மாலை. மாலையும் வாழையும் அப்படியே இருந்தன. பார் தரையில் கிடந்தது. எண்ணெயும் பவுடரும் சந்தனமும் குழைந்து மஞ்சள் களிம்பாக அதன் மேல் அப்பியிருந்தது. அதற்குள் குழுவில் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கட்டைவிரலை மடக்காமல் பிடிப்பான், ஆளில்லாமல் பெஞ்ச் போடலாமா, இப்படித்தான் ஆகும் என்று. ஒருவன்கூட எண்ணெயைப் பற்றி எழுதவில்லை. நானும் எழுதினேன். "பதினோரு வருஷமா சொன்னேன், கேக்கல."

பிறகு மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து அந்தப் பாரைத் துடைத்தேன். கோடு கோடாகத் துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் மிஞ்சவில்லை. அப்போது எனக்குத் தெரியும், நான் பாரைச் சுத்தம் செய்யவில்லை என்று.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். மார்பில் கட்டும் கையில் தூக்குப் பட்டையும் போட்டுப் படுத்திருந்தான். மூச்சு இழுத்தால் வலித்தது. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புவான் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"சந்தனம் ஈரமா இருந்திச்சு. துண்டால துடைச்சேன். சரியாத் துடைக்கேல்ல போல. அதான் வழுக்கிட்டுது."

நான் தண்ணீர் டம்ளரை அவன் வலது கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"பூஜ நாளுல தொட்டிருக்கக் கூடாதுன்னு இவ சொல்றா," என்று மனைவியைச் சொன்னான். "வேதக்காரி, அவளே சொல்றா." சிரிக்கப் பார்த்து, வலியில் நிறுத்திக்கொண்டான். "அன்னைக்கு உன்ன அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்பு."

"விடு லா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் வாங்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தத் தோள் பழைய நிலைக்கு வருமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் முதல் பத்து நாள் அவன் தம்பி வந்து தூக்கினான். பிறகு தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு திருச்சிப் பெண்ணும் எதிர்வீட்டுக்காரரும். ஒரு நாள் இருவருமாக அவளைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நழுவவிட்டார்கள். இடுப்பு முறியவில்லை. ஆனால் அன்றே அவன் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். குழுவில் ஒருவன் இதை எழுதினான். நான்தான் கூட்டாளியை மறுபடி குழுவில் சேர்க்கவே இல்லையே, அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சிராங்கூனுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவன் சாப்பாட்டு மேசையில் ஒற்றைக் கையால் மாத்திரைகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்து அறையில் கட்டிலில். அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது. உட்காரச் சொன்னான். உட்காராமல் சொன்னேன்.

"சந்தனம் இல்லடா. எண்ணெ. முந்தின நாள் நான்தான் ஊற வெச்சேன். லிஃப்டுக்குப் போடுற எண்ணெ."

அவன் மாத்திரையைக் கீழே வைத்தான்.

"யாருக்கும் சொல்லேல்லையா?"

"எல்லாருக்கும் சொன்னேன். குரூப்புல போட்டேன்."

"நான் அதுல இல்ல."

"இல்ல."

"காலையில வாறது நான் ஒருத்தன்தான்."

"தெரியும். உனக்குத் தனியா அடிச்சேன். அழிச்சிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தபடி இருந்தான். கத்துவான், எதையாவது எடுத்து எறிவான் என்று காத்திருந்தேன். எறிந்திருக்கலாம்.

"ஆஸ்பத்திரியில வந்து நின்னியே. அப்ப ஏன் சொல்லேல்ல?"

எதற்காக வந்தேனோ அதைச் சொன்னேன். "விண்ணப்பத்த நிறுத்து. உன் தோள் சரியாகுற வரைக்கும் நான் வர்றேன். காலையில ஆறு மணிக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு. தினமும். நான் தூக்குறேன்."

பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது. அவள் கூப்பிட்டாள். அவன் உள்ளே போனான். நான் வாசற்படியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தாள்.

"இவரு... விழுந்து... கெடந்தாரு. தனியா." நிறுத்தினாள். இடது கையால் போர்வையைப் பிடித்திருந்தாள். "நீங்க... தொடக் கூடாது."

அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தலையணையைச் சரிசெய்தான், ஒற்றைக் கையால், சரியாக வரவில்லை.

பன்னிரண்டு நாளில் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. வேனோடு இரண்டு ஆட்கள் வந்து அவளை எடுத்துப் போனார்கள். அன்று நான் அங்கே இல்லை. அதற்கு அடுத்த வாரம் அவனிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் சொன்னான், "கட்டிலத் திருப்பிக் குடுக்கணும். லாரி பத்து மணிக்கு வருது. டிரைவர் கீழதான் நிப்பானாம். தம்பியால முடியாது. நீ வா."

மருத்துவமனைக் கட்டில், மோட்டார் வைத்தது. இரும்பு. நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். அவன் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மெத்தையைத் தனியாக, தலைமாட்டைத் தனியாக, மோட்டார் பகுதியைத் தனியாக, நான்கு நடை தூக்கி லிஃப்டில் ஏற்றிக் கீழே இறக்கினேன். மோட்டார் பகுதி அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். வாசலில் திருப்பும்போது மட்டும் பேசினான். "இந்தப் பக்கம் சாய். சுவத்துல இடிக்கும்." கடைசி நடைக்குப் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தான்.

லாரி போன பிறகு என் கருவிப்பெட்டியை எடுக்க மறுபடி மேலே போனேன். அறையில் ஒன்றும் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. திருச்சிப் பெண் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. என்னைப் பார்த்து எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். தினமும் பதினொன்றரைக்கு பஸ் பிடித்து இல்லத்துக்குப் போகிறான், அவளுக்கு மதியச் சாப்பாடு ஊட்ட. இடது கையைச் சட்டைக்குள் விட முடியாமல், வலது கையால் அதைப் பிடித்து உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"வேணாம்" என்றான்.

தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவன் பொத்தான்களைப் போட்டு முடிக்கும் வரை நின்றேன். பிறகு அவன், அந்தப் பெண்ணும் கூட வருகிறாள், வீட்டைப் பூட்ட வேண்டும் என்றான். நான் வெளியே வந்தேன்.